அடைப்புக்குறிக்குள் இருமல்

காலால் பெடலை அழுத்தினால் குரல் ஓடுகிறது. காலை எடுத்தால் நிற்கிறது. மறுபடி அழுத்தினால் இரண்டு சொல் பின்னாலிருந்து கிளம்புகிறது. வாசலில் நின்று பார்ப்பவர்களுக்கு மேடம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும். காதில் பெரிய ஹெட்போன், மூக்கு நுனியில் கண்ணாடி, ஓரத்தில் ஏடு கட்டிப்போன டீ. ஹெட்போனுக்குள் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் முதல் நாள் வேலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அன்னைக்கு நல்ல மழை" என்கிறார். தொண்டையைச் செருமுகிறார். "இல்ல, மழை இல்ல" என்கிறார். மேடம் அடைப்புக்குறி போட்டு 'இருமல்' என்று தட்டுகிறார். திருப்தி இல்லை. மறுபடி கேட்கிறார். அழித்துவிட்டு 'செருமல்' என்று திருத்துகிறார். இதற்குள் டீயில் ஒரு கொசு விழுந்து செத்திருக்கிறது.

கல்லூரியில் அவர் வரலாற்றுப் பேராசிரியர். ஆனால் ராஜாக்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். "அவங்கெல்லாம் எழுதி வச்சுட்டுப் போயிட்டாங்க. எழுதாதவங்கதான் நம்ம ஆளு" என்பார். பஸ் ஓட்டுகிறவர், பிரசவ வார்டில் வேலை பார்த்தவர், பூட்டு ரிப்பேர் செய்கிறவர் என்று யார் வீட்டிலாவது போய் உட்கார்ந்து பேசவைத்துப் பதிவு செய்துகொண்டு வருவார். பிறகு அதை எழுத்தாக்குவார். பேச்சை மட்டும் எழுதுவது அவருக்குப் பாவம். பெருமூச்சு, சிரிப்பு, நாற்காலி கிறீச்சிடுவது, எல்லாம் அடைப்புக்குறிக்குள் வந்தாக வேண்டும். முக்கியமாக இருமல்.

முதலாண்டு மாணவர்கள் வீட்டில் யாரையாவது பேசவைத்துப் பதிவு செய்து, எழுதிக்கொண்டு வர வேண்டும். பிள்ளைகள் சுத்தமாக எழுதிக்கொண்டு வருவார்கள். மேடம் ஒலியைக் கேட்பார், தாளைப் பார்ப்பார்.

"இங்க உங்க மாமா இருமினாரே, அது எங்க?"

"இருமல்தானே மேடம்."

"இருமல்தானே கிருமல்தானேன்னு சொல்லக்கூடாது. வாய் சொல்லாததைத் தொண்டை சொல்லிடும். போய் எழுதிட்டு வாங்க."

இப்படித்தான் 'இருமல் மேடம்' என்ற பெயர் வந்தது. அது அவருக்கும் தெரியும். தேர்வு அறையில் யாராவது வேண்டுமென்றே இருமினால் தலையைத் தூக்காமலே சிரிப்பார். வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், நல்ல மனிதர். சாப்பிடும்போது புரையேறினால்கூட, "இதை எழுதிக்காதே தாயே" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

அவருக்கு இன்னும் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, பேட்டி ஆரம்பிக்கும் முன் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். கருவி ஓடிக்கொண்டிருக்கும். மின்விசிறி, தெருச்சத்தம், அறையின் வெற்று ஓசை அதில் பதியும். பின்னால் எங்கேயாவது வெட்ட நேர்ந்தால் இந்த வெற்று ஓசையை வைத்துப் பூசி மெழுகிவிடலாம். ஒரு வீட்டில் இவர் பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்களாம்.

இன்னொன்று, தன் குரலை அவர் சேர்த்துக்கொள்ளமாட்டார். "நாம அங்க இல்லவே இல்ல. சுவத்துல ஒரு ஆணி, அவ்வளவுதான்" என்று மாணவர்களிடம் சொல்வார். எழுத்துப் படியில் அவர் கேட்ட கேள்விகள் இருக்காது, பதில்கள் மட்டும் இருக்கும். தன் குரலைக் கேட்கவே அவருக்குக் கூச்சம். கூச்சம் பேச்சோடு நிற்கவில்லை. துறைக் கூட்டத்தில் வாக்கெடுப்பு என்றால் கையைத் தூக்கமாட்டார். துறைத்தலைவர் தன் வசதிக்கேற்ப அவரை ஆதரவிலோ எதிர்ப்பிலோ சேர்த்து எண்ணிக்கொள்வார். அவரும் ஏனென்று கேட்டதில்லை.

அவரைப் பெரிய ஆளாக்கியது ஒரு புத்தகம். ஊருக்கு வெளியே ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு செய்கிற ஆலை ஒன்று இருந்தது. அதன் குடியிருப்புக்கு வருஷக்கணக்கில் போய்வந்து எழுதியது. அதில் ஓர் அத்தியாயம் முழுக்க, தகடு அறுக்கும் மெஷினில் வேலை பார்த்த ஒருவரைப் பற்றியது. சூப்பர்வைசரைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் அந்த மனிதருக்கு இருமல் வந்துவிடும். மேடம் அதைப் பிடித்துக்கொண்டார். அதிகாரத்தை எதிர்த்து வாய் திறக்க முடியாதவனின் உடம்பு இருமலாகப் பேசுகிறது, இது நோயல்ல, மறுப்பு என்று எழுதினார். படிக்க நன்றாகத்தான் இருந்தது. கருத்தரங்குகளில் அந்தக் கட்டுரையைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். வேறு கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள். மேடத்துக்குப் பதவி உயர்வும் அதை வைத்துத்தான் வந்தது. எத்தனையோ அரங்குகளில் எத்தனையோ பேர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்டிருக்கிறார்கள். அந்த ஆள் டாக்டரைப் பார்த்தாரா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள்.

தபால்காரரின் செருமலோடு மேடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த மதியம்தான் ஒரு பெண்மணி கதவைத் தட்டினார். ஹெட்போன் இருந்ததால் காதில் விழவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ, மேடம் டீயைத் தேடித் தலையைத் தூக்கியபோதுதான் பார்த்தார்.

"என்னை ஞாபகம் இருக்கா டீச்சர்? அறுப்பு மெஷின்காரர் வீட்டுக்காரி."

மேடம் எழுந்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். "சார் எப்படி இருக்காரு?"

"இல்லையே டீச்சர். போன வருஷம் போயிட்டாரு. நுரையீரல்ல தூசி படிஞ்சு அப்படியே இறுகிப் போச்சுன்னாங்க. கடைசில படுக்கவே முடியல, உக்காந்தபடியேதான் இருந்தாரு."

மேடம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அந்தம்மா அதற்காகக் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை, பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கைப்பையிலிருந்து மடித்த ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துத் தடவிவிட்டார். மேடத்தின் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம். பாதிப் பக்கத்துக்கு யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள்.

"இழப்பீடு கேட்டுக் கேஸ் போட்டிருக்கோம். கம்பெனில என்ன சொல்றாங்கன்னா, வேலையில இருந்தவரைக்கும் அவர் நல்லாத்தான் இருந்தாரு, சீக்கு அப்புறம்தான் வந்துச்சுங்கறாங்க. அப்ப இருமினாரேன்னு நான் சொன்னேன். உடனே அவங்க வக்கீல் இதை எடுத்துப் படிச்சுக் காட்டினாரு. அது நோய் இல்ல, மனசுல இருக்கறது அப்படி வருது, பெரிய படிப்புப் படிச்சவங்களே பக்கத்துல உக்காந்து பாத்து எழுதியிருக்காங்கன்னு."

மேடம் மஞ்சள் வரிகளைப் பார்த்தார். அவர் எழுதியதுதான். ஒரு சொல் மாறவில்லை.

"நீங்க தப்பா எழுதிட்டீங்கன்னு சொல்ல வரல டீச்சர். எனக்கு அது புரியவும் இல்ல. அன்னைக்கு மெஷின்ல புடிச்சீங்களே, அது இருக்கா? அதை நுரையீரல் டாக்டரைக் கேக்க வச்சா, அப்பவே சீக்கு இருந்துச்சுன்னு சொல்லிடுவாராம். எங்க வக்கீல் சொன்னாரு. வேற ஒண்ணும் எங்ககிட்ட இல்ல. அப்பல்லாம் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லையே."

"இருக்கு. எல்லாம் பத்திரமா இருக்கு." மேடம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நீங்களும் கூடத்தானே இருந்தீங்க?"

"கொஞ்ச நேரம் இருந்தேன். அப்புறம் நீங்க உள்ள போய் உக்காரச் சொன்னீங்க, போயிட்டேன். அதுக்கு மேல என்ன பேசினீங்கன்னு எனக்குத் தெரியாது."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். விசாரணை என்றைக்கு என்று சொல்லிவிட்டு, ஜெராக்ஸ் தாளைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டு போனார்.

உள்ளே போய் உட்காரச் சொன்னோமா என்று மேடத்துக்கு நினைவே இல்லை. எழுத்துப் படியை எடுத்துப் பார்த்தார். சரியான இடத்தில், சுத்தமாக, அவரே தட்டியது இருந்தது: (நீண்ட இருமல். மனைவி குறுக்கிடுகிறார்.) குறுக்கிட்டு என்ன சொன்னார் என்று இல்லை. நாற்காலி கிறீச்சிட்டால்கூட எழுதுகிறவர் அதை எழுதாமல் விட்டிருந்தார்.

ஒலியைத் தேடி எடுத்து, பெடலை அழுத்தினார்.

முதலில் அந்த மனிதரின் குரல். "மூஞ்சிக்குக் கட்டிக்க ஏதாச்சும் குடுங்கன்னு கேட்டா, சூப்பர்வைசர் என்ன சொல்லுவாருன்னா..." அதோடு இருமல் பிடித்துக்கொண்டது. லேசில் விடுகிற இருமல் இல்லை. நடுவில் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. அதன் மேலேயே மனைவியின் குரல். "டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க. படுத்தா இப்படித்தான், எழுந்தா இப்படித்தான். டாக்டர்கிட்ட வான்னா வரமாட்டேங்கறாரு. படிச்சவங்க சொன்னா கேப்பாரு." இருமல் இன்னும் நிற்கவில்லை. அதன் மேல் இன்னொரு குரல், மரியாதையாக, இதமாக. "நீங்க கொஞ்சம் உள்ள போய் உக்காருங்கம்மா. உங்க குரல் பதிவுல விழுது." கதவு சாத்துகிற சத்தம். இருமல் ஓய்கிறது. மறுபடி அதே இதமான குரல். "நீங்க சொல்லுங்க சார். சூப்பர்வைசர் என்ன சொன்னாரு?"

மேடம் காலை எடுத்தார். அந்தக் குரலில் கோபமோ அலட்சியமோ கொஞ்சம் இருந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவ்வளவு தன்மையாக ஒரு மனிதரைச் சாகவிட முடியும் என்று அவர் நினைத்ததில்லை.

அடுத்து வந்த நாட்களில் அந்த மனிதரின் பதிவுகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். சூப்பர்வைசரைப் பற்றிப் பேசும்போது இருமினார், உண்மைதான். மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதைச் சொல்லும்போதும் இருமினார். மாடிப்படியைப் பற்றிச் சொல்லும்போதும், தண்ணீர் வராததைச் சொல்லும்போதும், ஒன்றும் சொல்லாமல் இருந்தபோதும் இருமினார். எல்லா இடத்திலும் மேடம் ஒழுங்காக அடைப்புக்குறி போட்டிருந்தார். புத்தகத்துக்கு எடுத்தபோது மட்டும் தன் வாதத்துக்கு ஒத்துவந்ததைப் பொறுக்கிக்கொண்டு, மற்றதை அப்படியே விட்டிருக்கிறார். இதை ஆராய்ச்சியில் எல்லோரும் செய்வார்கள். செய்கிறபோது யாருக்கும் அது திருட்டாகத் தெரிவதில்லை.

துறைத்தலைவரிடம் சொல்லாமல் ஒலியை வெளியே கொடுக்க முடியாது. சொன்னார். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"குடுங்க, வேண்டாங்கல. முழுசா எதுக்கு? உங்க குரலை வெட்டிட்டுக் குடுங்க. அந்தம்மாவுக்கு வேண்டியது இருமல்தானே."

"வெட்டினா..."

"பாருங்க மேடம், நானே சொல்றேன், நீங்க கெட்டவங்க இல்ல. ஆனா அந்த வக்கீல் உங்களை நார் நாராக் கிழிச்சுடுவான். புத்தகம் பாடத்துல இருக்கு. துறையை மதிப்பிட ஆளுங்க வர்ற நேரம் வேற. உங்களை நம்பி ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்க இருக்காங்க. கொஞ்சம் யோசிங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வெட்டுவது மேடத்துக்கு ஒரு வேலையே இல்லை. மனைவி 'டீச்சர்' என்று கூப்பிடுகிற இடத்திலிருந்து தன் குரல் முடிகிறவரை வெட்டினார். அந்த வீட்டின் வெற்று ஓசை, மின்விசிறியின் டக் டக்கோடு, பேட்டியின் தொடக்கத்திலேயே பதிந்திருந்தது. அதை எடுத்து இடைவெளியில் வைத்துப் பூசினார். திரும்பத் திரும்பக் கேட்டார். ஒட்டுப்போட்ட இடம் அவர் காதுக்கே தெரியவில்லை. பிறகு தன்னிடம் ஆராய்ச்சி செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார். அந்தப் பெண் மேடத்தின் புத்தகத்தைப் படித்துவிட்டு, அதற்காகவே வேறு கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வந்தவள். அந்த அத்தியாயம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

கேட்டு முடித்துவிட்டு அவள், "ஒட்டு ஒண்ணும் தெரியல மேடம்" என்றாள். பிறகு, "ஆனா இந்த இடத்துல பெரிய இருமல் வரணுமே. புத்தகத்துல நீண்ட இருமல்னு போட்டிருக்கீங்க. இங்க ரெண்டு மூணு இருமலோட நின்னு போச்சே."

மேடம் அதைக் கவனித்திருந்தார். கவனிக்காத மாதிரி இருந்தார். "என் குரல் அந்த இருமல் மேலேயே உக்காந்திருக்கு. அதை எடுத்தா இதுவும் போயிடுது."

"குரலை மட்டும் தனியாப் பிரிக்க முடியாதா?"

"பாத்துட்டேன். பிரிச்சா இருமல் இருமல் மாதிரியே இல்ல."

"அப்ப அவங்களுக்கு இது எதுக்கு ஆகும் மேடம்? இருக்கறதிலேயே பெரிய இருமல் இதுதானே." பிறகு கேட்டாள். "அப்படி என்ன பேசியிருக்கீங்க அதுல?"

மேடம் வெட்டாத ஒலியைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே பிள்ளைகள் நாடக ஒத்திகைக்கு மேசைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவன் பிணமாகப் படுத்துப் பழகிக்கொண்டிருந்தான், மற்றவர்கள் அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் ஒயரை ஒழுங்காகச் சுற்றி, கட்டி வைத்தாள். "நான் வரேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள். எப்போதும் டீ குடித்துவிட்டுத்தான் போவாள்.

மறுநாள் மேடம் ஒலியை ஒரு பென்டிரைவில் போட்டு, அந்தம்மாவின் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் மேசையில் கோப்புகள் குவிந்து கிடந்தன. போட்டுக் கேட்க நேரமில்லை, டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன் என்றார். "நீங்க வரணும்னு இல்ல மேடம். நீங்க வந்தா அவங்க புத்தகத்தைத்தான் இழுப்பாங்க. வேண்டாம்."

விசாரணை நடந்தது ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் மாடியில். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற மின்விசிறி. இழப்பீட்டு வழக்கை விசாரிக்கிற அதிகாரி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேடம் யாரிடமும் சொல்லாமல் வந்து கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் அந்தம்மாவின் முதுகு தெரிந்தது. கம்பெனி வக்கீல் புத்தகத்தைத் திறந்து, மஞ்சள் பூசிய வரிகளை ராகம் போட்டு வாசித்தார். சபையில் கேட்கும்போது அவை மேடத்துக்கு இன்னும் அழகாகவே இருந்தன. அதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பிறகு அந்தம்மாவின் வக்கீல், வீட்டில் எடுத்த பதிவு என்று மட்டும் சொல்லி ஒலியைப் போட்டார். மேசையில் இருந்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து செத்துப்போனவர் பேசினார். அந்தம்மா மடியிலிருந்த கைப்பையை நேராக நிமிர்த்தி வைத்தார். இருமல் ஆரம்பித்தது. நீண்டது. சாட்சிக்கு வந்திருந்த நுரையீரல் டாக்டர் தலையைச் சாய்த்துக் கேட்டு, மூச்சை இழுக்கிற இடத்தில் எதையோ குறித்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட வான்னா வரமாட்டேங்கறாரு" என்று மனைவியின் குரல் கேட்டது. இருமல் நிற்கவில்லை. அதன் மேல் அந்த இதமான குரல் வந்தது. "நீங்க கொஞ்சம் உள்ள போய் உக்காருங்கம்மா."

"நிறுத்துங்க" என்றார் அதிகாரி. கண்ணாடியைக் கழற்றினார். "இதுல ரெண்டு பொம்பளைங்க குரல் கேக்குது. ஒண்ணு நீங்க. உங்களை உள்ள போகச் சொல்றது யாரும்மா?"

அந்தம்மா எழுந்து நின்றார். "வீட்டுக்கு வந்தவங்க சார்" என்றார்.

"வந்தவங்கன்னா யாரு? டீச்சர்னு கூப்பிடறீங்களே, எந்த டீச்சர்?"

அந்தம்மா குனிந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். டீச்சரைக் கேட்டுத்தான் இது கிடைத்தது. டீச்சரைக் காட்டிக்கொடுப்பதா என்று யோசித்தாரோ என்னவோ. வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். கம்பெனி வக்கீல் புத்தகத்தில் விரலை வைத்தபடி, ஸ்பீக்கரையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருன்னு பதிவாகணும்மா. சொல்லுங்க."

கடைசி வரிசையில், தூணை ஒட்டி, மேடம் கையைத் தூக்கினார்.